சுற்றுலா மாணவர்களுக்கு ஆங்கில வாசிப்பு: வவுச்சரிலிருந்து தொடங்குங்கள்

சுற்றுலா, ஹோட்டல் நிர்வாகம் படிக்கும் டிப்ளமோ மாணவர்களில் பலர் ஆங்கிலப் பத்தியைச் சத்தமாகப் படித்துவிடுவார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் திணறுவார்கள். கவனமெல்லாம் உச்சரிப்பில் போய்விடுவதுதான் காரணம். வாசிப்பு வகுப்பில் மௌன வாசிப்பே போதும்.

முதலில் ஹோட்டல் முன்பதிவு வவுச்சர், அதாவது அறை முன்பதிவை உறுதிசெய்யும் தாள். விருந்தினர் பெயரை மறைத்து நகலெடுங்கள். தாளைக் கொடுக்கும் முன்பே கேள்விகளைப் பலகையில் எழுதிவிடுங்கள்: எத்தனை இரவு? எத்தனை பேர்? பணம் கட்டியாயிற்றா? செக்-இன் எப்போது? சாப்பாடு எது சேர்த்தி? இரண்டு நிமிடம் கொடுங்கள். என்ன தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் கண் தாவிப் போகும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சொல்லாக ஊரும்.

தவறுகள் பெரும்பாலும் எண்களிலும் சுருக்கங்களிலும்தான். 04/05 என்பது இந்திய வழக்கில் மே 4, அமெரிக்க வழக்கில் ஏப்ரல் 5. 12 ஏஎம் என்றால் நள்ளிரவு. சாப்பாட்டுக்கான சுருக்கங்களில், சிபி என்றால் அறையோடு காலை உணவு மட்டும். எம்ஏபி என்றால் அதோடு இன்னொரு வேளை. ஏபி என்றால் மூன்று வேளையும். விமான டிக்கெட்டில் வந்துசேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 இருந்தால் மறுநாள். இதைக் கவனிக்காதவர் விமான நிலையத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே கார் அனுப்பிவிடுவார்.

அடுத்தது ரத்து விதிகள். இதற்கு இரண்டு வகுப்புகளாவது வேண்டும். 'செக்-இன்னுக்கு 48 மணி நேரம் முன்புவரை இலவச ரத்து' என்ற பொருளில் வரும் ஆங்கில விதியைக் கொடுங்கள். செக்-இன் சனிக்கிழமை மதியம் 2 மணி. வியாழன் மதியம் 1 மணிக்கு ஒருவர் ரத்து செய்கிறார், அன்றே மாலை 5 மணிக்கு இன்னொருவர். யாருக்குப் பணம் திரும்பும்? 'இரண்டு நாள்' என்று மேலோட்டமாகப் படித்தவர்கள் இருவருக்கும் என்பார்கள். பலகையில் நேரக்கோடு வரையுங்கள். எல்லை வியாழன் மதியம் 2 மணி என்பது கண்ணுக்குத் தெரியும். 'அன்லெஸ்' (இல்லாவிட்டால்), 'எக்ஸெப்ட்' (தவிர) வரும் வாக்கியங்களில் பாதியிலேயே முடிவெடுத்துவிடுவார்கள். தமிழில் நிபந்தனை பெரும்பாலும் முன்னால் வரும், ஆங்கிலத்தில் கடைசியிலும் வரலாம். அந்தச் சொற்களை அடிக்கோடிட்டு, அங்கிருந்து தொடங்கிப் பொருள் சொல்லவையுங்கள்.

விருந்தினர் விமர்சனங்களை வேகமாகப் படித்து, எந்தப் புகார் ஹவுஸ்கீப்பிங்குக்கு (அறைப் பராமரிப்பு), எது ஃப்ரன்ட் ஆபீஸுக்கு (வரவேற்புப் பிரிவு) என்று பிரித்தால் போதும்.

தலவரலாற்றுக் குறிப்புகளைக் கடைசியில் வையுங்கள். மாமல்லபுரம் நல்ல தேர்வு. 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். ஐந்து ரதங்களைப் பற்றித் தெரிந்ததை முதலில் தமிழிலேயே பேசவிடுங்கள். ஒற்றைக்கல் என்று தெரிந்தவர், 'மோனோலித்திக்' என்ற சொல்லை அகராதி இல்லாமலே ஊகிப்பார். ஒரு பக்கத்துக்கு மூன்று சொற்களுக்குமேல் அகராதி பார்க்கவிடாதீர்கள்.

தேர்வுக்கு வகுப்பில் பார்த்த தாளைக் கொடுக்காதீர்கள். வேறொரு ஹோட்டலின் வவுச்சரைக் கொடுங்கள்.