எழுபதுகளின் அதிகம் அறியப்படாத ஜாஸ் இசைத்தட்டுகள்: சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழி

எழுபதுகளின் ஜாஸ் என்றதும் பெரிய நிறுவனங்கள் வெளியிட்ட நாலைந்து தட்டுகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கலைஞர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுப் பதிவு செய்து, தாங்களே வெளியிட்ட தட்டுகளும் அதே ஆண்டுகளில் வந்தன. விளம்பரம் இல்லாததால் அவற்றைக் கேட்டவர்கள் குறைவு. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த இசையில் ஒரு பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் "அரிய தட்டுகள்" பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அப்படிப் போனால் விலை தெரியவரும், இசை தெரியவராது. அதைவிட எளிய வழி, ஒரு நிறுவனத்தையும் ஒரு கலைஞரின் பெயரையும் பிடித்துக்கொண்டு நடப்பது.

படி 1: ஒரே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஸ்ட்ராடா-ஈஸ்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். ட்ரம்பெட் கலைஞர் சார்லஸ் டாலிவரும் பியானோ கலைஞர் ஸ்டான்லி கவலும் 1971-இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் இது. இருவரும் அதற்கு முன் டிரம்ஸ் மேதை மேக்ஸ் ரோச்சின் குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள். டெட்ராய்ட் நகரில் ஸ்ட்ராடா என்ற பெயரில் ஒரு கலைஞர் அமைப்பு இயங்கியது. அதன் கிழக்குக் கிளை போலத்தான் இந்தப் பெயர் வந்தது.

ஸ்ட்ராடா-ஈஸ்டின் ஏற்பாடு அன்றைய வழக்கத்துக்கு நேர்மாறானது. பதிவுச் செலவைக் கலைஞர் ஏற்றுக்கொள்வார், மூல ஒலிநாடாவின் உரிமை அவரிடமே இருக்கும். நிறுவனம் தட்டை அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பும். எதை வாசிக்க வேண்டும், எத்தனை நிமிடம் வாசிக்க வேண்டும் என்று சொல்ல மேலே யாரும் இல்லை. இந்தச் சுதந்திரம் தட்டுகளிலேயே கேட்கிறது. பாடகர் கில் ஸ்காட்-ஹெரனும் கீபோர்டு கலைஞர் பிரையன் ஜாக்சனும் 1974-இல் வெளியிட்ட 'விண்டர் இன் அமெரிக்கா' மட்டும் நன்றாக விற்றது. மற்றவை பெரும்பாலும் சிறு வட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டன.

கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் நகரின் பிளாக் ஜாஸ், டெட்ராய்ட்டின் ட்ரைப், ஜப்பானின் த்ரீ பிளைண்ட் மைஸ் என்று இதே காலத்தில் வேறு சிறு நிறுவனங்களும் உண்டு. ஆசை வரும். ஆறு மாதம் பொறுங்கள்.

படி 2: உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முதல் தட்டாக, சாக்ஸபோன் கலைஞர் கிளிஃபர்ட் ஜோர்டனின் 'கிளாஸ் பீட் கேம்ஸ்'. 1973 அக்டோபரில் பதிவானது. இரண்டு தட்டுகள் கொண்ட தொகுப்பு. ஜெர்மன் மொழி எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவலிலிருந்து பெயரை எடுத்திருக்கிறார்.

உறையைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருப்பது ஒரு குழு அல்ல, இரண்டு குழுக்கள். ஒன்றில் ஸ்டான்லி கவல் பியானோ, பில் லீ டபுள் பாஸ் (ஆளுயரத் தந்தி வாத்தியம்). மற்றொன்றில் சீடர் வால்டன் பியானோ, சாம் ஜோன்ஸ் டபுள் பாஸ். ஜோர்டனையும் டிரம்ஸ் கலைஞர் பில்லி ஹிக்கின்ஸையும் மட்டும் இரண்டிலும் காண்கிறோம்.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து அந்தப் பெயர்களை எழுதுங்கள். ஒரு பெயருக்கு ஒரு பக்கம். வேறு தட்டுகளில் அந்தப் பெயர் தென்படும்போதெல்லாம் தட்டின் பெயர், ஆண்டு, உடன் வாசித்தவர்கள் ஆகியவற்றை அந்தப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஹிக்கின்ஸின் பக்கம்தான் முதலில் நிரம்பும். 1950-களின் இறுதியில் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனோடு வாசித்தவர் அவர், 1963-இல் பதிவான ட்ரம்பெட் கலைஞர் லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்' தட்டிலும் வாசித்தவர். உங்கள் அடுத்த பத்துத் தட்டுகளுக்கான வழி அந்த ஒரு பக்கத்திலேயே இருக்கும். யாருடைய பட்டியலும் தேவைப்படாது.

படி 3: முதலில் கேளுங்கள், பிறகு வாங்குங்கள்

இணையத்தில் கேட்க முடிந்தால் ஒரு வாரமாவது கேளுங்கள். மறுபதிப்பு கிடைத்தால் தயங்காமல் அதை வாங்குங்கள். முறையான உரிமம் பெற்று, மூல நாடாவிலிருந்து எடுக்கப்பட்ட மறுபதிப்பு, தேய்ந்துபோன முதற்பதிப்பைவிட நன்றாகவே ஒலிக்கும். முதற்பதிப்பு வேண்டும் என்ற ஆசையில் தவறு இல்லை. ஆனால் இசையைக் கேட்காமலே அதன் பின்னால் ஓடுவது வீண்.

படி 4: பழைய தட்டை வாங்கும்போது

தட்டை விளிம்பில் பிடித்து, விளக்கொளியில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். வரிப்பள்ளங்களின் குறுக்கே மெல்லிய கோடுகள் தெரியும். நகத்தின் நுனியால் மிக மெதுவாக வருடுங்கள். நகம் தடுக்காத கோடு பெரும்பாலும் ஓசையில் தெரியாது. நகம் தடுக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் "டக்" என்று கேட்கும். பிறகு தட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள். வளைவு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, இசை முடியும் இடத்துக்கும் நடுவிலுள்ள காகித வட்டத்துக்கும் இடையே ஒரு வெற்று வளையம் இருக்கும். அங்கே எழுத்துகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். இது எந்தப் பதிப்பு என்பதைப் பெரும்பாலும் இந்தப் பொறிப்பே சொல்லிவிடும். டிஸ்காக்ஸ் என்ற இணையத்தளத்தில் ஒவ்வொரு பதிப்பின் பொறிப்பையும் ரசிகர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பாருங்கள். உறை பழையதாகவும் பொறிப்பு வேறாகவும் இருந்தால் முதற்பதிப்பின் விலையைக் கொடுக்காதீர்கள்.

தபாலில் வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் இரண்டு கேள்விகள். "ஓட்டிக் கேட்டீர்களா, கண்ணால் மட்டும் பார்த்தீர்களா?" என்பது முதலாவது. தட்டை உறைக்கு வெளியே வைத்துக் கட்டி அனுப்ப முடியுமா என்பது இரண்டாவது. உறைக்குள்ளேயே வைத்து அனுப்பினால் பயணக் குலுக்கலில் தட்டு உறையின் ஒட்டிய விளிம்பைக் கிழித்துவிடும். மூன்று மாதம் காத்திருந்து வாங்கிய ஒரு தட்டு அப்படி மேல்விளிம்பு முழுக்கப் பிளந்து என் கைக்கு வந்தது. இசைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அந்த உறையை எடுக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவையும் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

படி 5: பராமரிப்பு

தட்டுகளை நிற்க வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளையும். ஓட்டுவதற்கு முன் கார்பன் இழைத் தூரிகையால் தூசியை எடுங்கள். ஊசியின் அழுத்தம், அதன் தயாரிப்பாளர் சொல்லும் கிராம் அளவிலேயே இருக்கட்டும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள். ஈரம் ஏறினால் உறையில் பூஞ்சை பிடிக்கும்.

படி 6: கூடிக் கேளுங்கள், பேசுங்கள்

சேகரிப்பது பாதி வேலைதான். மூன்று நான்கு பேர் போதும். ஒரு மாலைக்கு ஒரே ஒரு பக்கம். ஏறக்குறைய இருபது நிமிடம். தட்டு ஓடும்போது யாரும் பேசக்கூடாது. கைப்பேசிகள் வேறு அறையில் இருக்கட்டும்.

முடிந்ததும் "பிடித்ததா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "நன்றாக இருந்தது" என்ற பதில்தான் வரும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். "எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்?" என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் ஒரு இடத்தைச் சொல்லட்டும். பிறகு அந்த இடங்களுக்காக அதே பக்கத்தை இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டாம் முறையில்தான் மற்றவருடைய காது நமக்குக் கிடைக்கிறது.

'கிளாஸ் பீட் கேம்ஸ்' தட்டுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். முதலில் கவல் வாசிக்கும் ஒரு உருப்படி, அடுத்து வால்டன் வாசிக்கும் ஒரு உருப்படி. சாக்ஸபோனை மறந்துவிட்டு ஹிக்கின்ஸின் சிம்பலை, அதாவது டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தாளத்தை, மட்டும் பின்தொடருங்கள். பக்கத்தில் இருக்கும் பியானோவும் பாஸும் மாறும்போது அவர் கை என்ன செய்கிறது? கச்சேரியில் பாடகர் மாறினால் அதே மிருதங்கக்காரரின் வாசிப்பு எப்படி மாறுகிறது என்று கவனித்துப் பழகியவர்களுக்கு இது எளிதாகவே வரும். அந்தத் தொகுப்பில் 'ஜான் கோல்ட்ரேன்' என்றே ஒரு உருப்படி இருக்கிறது. வாத்தியக்காரர்கள் அந்தப் பெயரைக் குரலால் உச்சரிக்கிறார்கள். மறைந்த சாக்ஸபோன் மேதை ஒருவரின் பெயரை அப்படிச் சொல்வது அஞ்சலியா, பிரார்த்தனையா என்று எங்கள் வீட்டில் ஒரு இரவு முழுக்கப் பேசியிருக்கிறோம்.

இன்னொரு பயிற்சி: கவலின் 'ஈக்விபாய்ஸ்'. மேக்ஸ் ரோச்சின் குழு 1968-இல் பதிவு செய்த மெட்டு இது. 1974-இல் வந்த 'மூசா: ஆன்சஸ்ட்ரல் ஸ்ட்ரீம்ஸ்' தட்டில் அதையே கவல் தனியாகப் பியானோவில் வாசிக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, குழு போன பிறகு மெட்டில் என்ன மிஞ்சியது என்று பேசுங்கள்.

தரவரிசை, விலை, யாரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதெல்லாம் அன்றைய மாலைக்கு வேண்டாம்.

படி 7: நோட்டைத் திறந்து அடுத்த தட்டுக்குப் போங்கள்

கவலின் பக்கத்தைப் பாருங்கள். 1975-இல் பதிவான 'மார்ச்சின் ஆன்' அதில் வந்து சேரும், ஸ்ட்ராடா-ஈஸ்ட் வெளியீடுதான். ஜாஸ் கலைஞர்களான ஹீத் சகோதரர்கள் மூவரோடு கவல் வாசித்த தட்டு. அதில் 'ஸ்மைலின் பில்லி ஸ்வீட்' என்று பல பகுதிகள் கொண்ட ஒரு படைப்பு இருக்கிறது. அதன் இரண்டாம் பகுதியில் கவல் பியானோவை விட்டுவிட்டு, கட்டைவிரல்களால் மீட்டும் ஆப்பிரிக்க வாத்தியமான எம்பிராவை எடுத்துக்கொள்கிறார். மழைத்துளி ஓட்டில் விழுவதுபோல ஒரு சிறு சுழற்சி, திரும்பத் திரும்ப. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, 1994-இல், ராப் கலைஞர் நாஸின் 'ஒன் லவ்' பாட்டுக்கு இந்தப் பகுதியிலிருந்துதான் ஒலியை எடுத்தார்கள். உங்கள் நண்பர்களில் இளையவர் யாராவது "இது எனக்குத் தெரியுமே" என்று சொல்லக்கூடும்.

புன்னகைக்கும் அந்த பில்லி, நீங்கள் முதல் தட்டில் சிம்பலைப் பின்தொடர்ந்து கேட்ட பில்லி ஹிக்கின்ஸ். அவர் பக்கத்திலும் இதை எழுதிக்கொள்ளுங்கள்.