ஒரே மீட்டர், இரண்டு சான்றிதழ்கள்: எரிபொருள் ஓட்ட காலிபரேஷனை ஒப்பிடுவது எப்படி?

ஒரே டர்பைன் மீட்டரை (திரவ ஓட்டத்தில் சுழலும் சக்கரத்தால் ஓட்டத்தை அளக்கும் கருவி) இரண்டு தேசிய ஆய்வகங்கள் காலிபரேட் செய்திருக்கின்றன. இரண்டும் ஒத்துப்போகின்றனவா? 1999-இல் கையெழுத்தான சிஐபிஎம் (எடை, அளவுகளுக்கான சர்வதேசக் குழு) பரஸ்பர ஏற்பு ஒப்பந்தம், அதாவது ஒரு நாட்டு ஆய்வகத்தின் சான்றிதழை மற்றவை ஏற்கும் ஏற்பாடு, இத்தகைய ஒப்பீடுகளை நம்பித்தான் நிற்கிறது. கே-ஃபேக்டர் (லிட்டருக்கு எத்தனை பல்ஸ்) தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: திரவம், வெப்பநிலை, பாகுநிலை (திரவம் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா ஆய்வகமும் ஒரே திரவத்தை ஓட்டுவதில்லை. அமெரிக்காவின் தேசிய அளவியல் ஆய்வகமான நிஸ்ட், ஸ்டாடர்ட் சால்வென்ட் என்ற பெட்ரோலியக் கரைப்பானை விட்டு, புரோப்பிலீன் கிளைக்காலும் தண்ணீரும் சேர்ந்த கலவைக்கு மாறியது.

படி 2: நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். நிமிடத்துக்கு 300 லிட்டரில் இருவரின் கே-ஃபேக்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், 0.08% வித்தியாசம். இரண்டு நாள் வெப்ப விரிவுத் திருத்தத்தையே தோண்டிக்கொண்டிருந்தேன். பிழை அங்கே இல்லை. முதல் ஆய்வகத்தில் திரவத்தின் பாகுநிலை 1.8 சென்டிஸ்டோக்ஸ், இரண்டாவதில் 1.5. டர்பைன் மீட்டரின் போக்கை முக்கியமாகத் தீர்மானிப்பது ரெனால்ட்ஸ் எண்; ஒரே மீட்டரில் அது ஓட்டத்தைப் பாகுநிலையால் வகுத்த அளவைப் பொறுத்தது. வெறும் ஓட்ட வேகம் அல்ல. ஆகவே 300-ஐ 1.8-ஆல் வகுத்து 1.5-ஆல் பெருக்குங்கள்: 250. இரண்டாவது ஆய்வகத்தின் வரைகோட்டை (ஓட்டத்துக்கு எதிரே கே-ஃபேக்டர்) 250 லிட்டரில் படிக்க வேண்டும். அப்படிப் படித்ததும் வித்தியாசம் 0.05% ஆனது.

இடைப்பட்ட மதிப்புக்கு அடுத்தடுத்த புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தாலே போதும். உயர்படி பல்லுறுப்புக் கோவை வேண்டாம், புள்ளிகளுக்கு நடுவே அது அலைபாயும். இதற்கு லிப்ரே ஆஃபீஸ் கால்க் விரிதாளே தாராளம்.

படி 3: இரு சான்றிதழ்களும் தரும் நிச்சயமின்மைகளையும் (அளவீடு எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்ற வரம்பு) வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, வித்தியாசத்தை அதால் வகுங்கள். இதுதான் ஈ-என் எண். என் நிச்சயமின்மைகள் 0.05%, 0.04%, வர்க்கமூலம் 0.064. ஈ-என் 0.78. ஒன்றுக்குள் இருக்கிறது, ஆகவே இரண்டும் ஒத்துப்போகின்றன.

பின்சேர்க்கை: இதே எண்களில் தனக்கு 1.06 வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். முதல் ஆய்வகத்துக்கு கே=1 மதிப்பான 0.025-ஐயும், மற்றதற்கு கே=2 மதிப்பையும் போட்டிருந்தார். (இந்த கே, கே-ஃபேக்டர் அல்ல; நிச்சயமின்மையை எத்தனை மடங்காக்கிச் சொல்கிறார்கள் என்ற பெருக்கெண்.) இரண்டுமே கே=2 ஆக இருக்க வேண்டும்; சான்றிதழின் அடிக்குறிப்பைப் படியுங்கள்.

இன்னொருவர் மீட்டரே வழியில் மாறியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். நல்ல கேள்வி. முதல் ஆய்வகம் மீட்டரை அனுப்புவதற்கு முன்பும் திரும்பி வந்த பிறகும் அளக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து மீட்டருக்கென ஒரு நிச்சயமின்மையை மதிப்பிட்டு, அதையும் வர்க்கப்படுத்தி வர்க்கமூலத்துக்குள் மூன்றாவது உறுப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.