சொந்த லோரா போர்டின் ரேடியோவைச் சோதிப்பது எப்படி?

லோரா என்பது குறைந்த சக்தியில் நெடுந்தூரம் தகவல் அனுப்பும் ரேடியோ முறை. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இருக்கும் பெரிய கருவிகள் என் வீட்டு மேசையில் இல்லை. ஆன்டெனாவை அளக்கும் சின்னக் கருவியான ஒரு நானோவிஎன்ஏவும், ஒழுங்காக வேலை செய்யும் இன்னும் இரண்டு லோரா போர்டுகளும் (ஒன்று ஒப்பிட, ஒன்று சிக்னலை வாங்க) போதும்.

முதலில் ஆன்டெனா. சிப்பிலிருந்து அதற்குப் போகும் பாதையில் உள்ள ஜீரோ ஓம் ரெசிஸ்டரைக் கழற்றுங்கள். நானோவிஎன்ஏவில் மாட்டிய சின்ன கோஆக்ஸ் வயர் ஒன்றின் நுனியில் ஓபன் (திறந்த முனை), ஷார்ட் (குறுக்கிணைப்பு), 50 ஓம் மூன்றையும் வைத்து கேலிபரேட் (கருவியைச் சரிக்கட்டுவது) செய்துவிட்டு, அந்த வயரை ஆன்டெனா பக்கம் பற்றவையுங்கள். அதன் உலோக வெளியுறை அங்கேயே அருகில் உள்ள கிரவுண்டைத் தொட வேண்டும். லோரா அலைவரிசையான 923 மெகாஹெர்ட்ஸில் எஸ்11 (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் அளவு) மைனஸ் 10 டெசிபல் என்றால், கொடுத்த சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் திரும்பி வருகிறது. எனக்கு அது போதும்.

வெறும் போர்டை அளந்து திருப்திப்படாதீர்கள். பெட்டி, பேட்டரி எல்லாம் மாட்டி அளங்கள். பிளாஸ்டிக் மூடி நெருங்கினாலே ரெசொனன்ஸ், அதாவது ஆன்டெனா நன்றாக வேலை செய்யும் அலைவரிசை, கீழே இறங்கும். கை பட்டால் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் வயரை எடுத்துவிட்டு, ரெசிஸ்டரைத் திரும்பப் போட்டு, ஜார்ஜ்டவுன் கடற்கரையில் உள்ள பாடாங் கோத்தா திடலுக்குப் போங்கள். எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கு எட்டுகிறதா என்று பார்க்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் தடையில்லாத கடலுக்கு மேல் சுமாரான ஆன்டெனாவும் எட்டிவிடும். அதைவிட, உங்கள் போர்டையும் ஒப்பிடும் போர்டையும் மாறி மாறி ஒரே மரக்கம்பில், ஒரே உயரத்தில், ஒரே அனுப்புசக்தியில் கட்டி, நான்கு திசைக்கும் திருப்பி, மறுமுனையில் மூன்றாவது போர்டு காட்டும் ஆர்எஸ்எஸ்ஐ (வந்து சேரும் சிக்னலின் பலம்) சராசரியை எழுதுங்கள். ஒப்பிடும் போர்டைவிட உங்களுடையது 6 டெசிபல் குறைந்தால், திறந்தவெளியில் தூரம் பாதியாகிவிடும். அப்போது மேட்சிங் பாகங்களை (ஆன்டெனாவைச் சிப்போடு பொருத்தும் சின்ன காயில், கெபாசிட்டர்கள்) மாற்றி மறுபடி அளங்கள்.