புல்லாங்குழல் விரிசல்: வருமுன் கட்டு, வந்தால் ஒட்டு

மூங்கில் நார் நீளவாக்கில் ஓடுவதால் குழல் நெடுக்கத்தான் பிளக்கும். வாசிக்கும்போது மூச்சின் ஈரத்தில் உட்புறம் உப்புகிறது. ஏசி காற்றில் வெளிப்புறம் காய்ந்து சுருங்குகிறது. இந்த இழுபறியில் குழல் தெறிக்கிறது. பெரும்பாலும் முனையிலோ ஊதும் துளையின் ஓரத்திலோதான் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் குழலை ஒருபோதும் வைக்காதீர்கள்.

வாசித்து முடித்ததும் குச்சியில் சுற்றிய மெல்லிய பருத்தித் துணியால் உள்ளே துடையுங்கள். மாதம் ஒருமுறை, உட்புறம் நன்றாகக் காய்ந்த பிறகு, நாலைந்து சொட்டு பாதாம் எண்ணெய் தடவினால் போதும். அதற்கு மேல் போனால் பிசுக்கேறித் தூசி படியும். எண்ணெய் ஈரம் ஏறி இறங்குவதை மெதுவாக்கும், அவ்வளவுதான். குழலைக் காப்பது நூல் கட்டு. புதுக் குழல் கைக்கு வந்த வாரமே இரு முனைகளிலும், ஊதும் துளைக்கு இருபுறமும் கட்டிவிடுங்கள்.

செருப்புத் தைக்கும் மெல்லிய நைலான் நூல் நன்றாகப் பிடிக்கும். தூண்டில் நரம்பு வழுக்கும். நூலின் தொடக்கத்தை மடித்து 3 செ.மீ. கண்ணியாகக் குழல்மீது நெடுக்காக வையுங்கள். கண்ணியின் தலை ஒரு பக்கமும் தொடக்க முனை மறுபக்கமும் வெளியே தெரியும்படி, அதன்மேல் இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள். 1 செ.மீ. அகலம் வந்ததும் நூலை வெட்டி, நுனியைக் கண்ணிக்குள் நுழைத்து, தொடக்க முனையை இழுங்கள். கண்ணி சுற்றின் பாதிவரை உள்ளே போனால் நிறுத்துங்கள். முழுக்க இழுத்தால் கட்டு அவிழ்ந்துவிடும். நீட்டிக்கொண்டிருக்கும் நூலை ஒட்ட வெட்டுங்கள்.

கீழ் ஸ்வரங்கள் திடீரென்று காற்றாக ஒலித்தால் விரிசலைத் தேடுங்கள். சந்தேகமான கோட்டின்மேல் செல்லோடேப் ஒட்டி ஊதிப் பாருங்கள். நாதம் திரும்பினால் விரிசல் உள்வரை போயிருக்கிறது.

உடனே பசையை ஊற்றாதீர்கள். வாய் திறந்த விரிசலில் பசை நிரப்பினால், மழைக்காலத்தில் மூங்கில் உப்பும்போது அந்தப் பசையே ஆப்பாக நின்று பிளவை நீட்டும். குழலையும் ஈரப் பஞ்சு வைத்த சிறு டப்பாவையும் ஒரு பாலித்தீன் பையில் போட்டு ஓரிரு நாள் மூடி வையுங்கள். பஞ்சு குழலில் படக்கூடாது. விரிசல் தானாகச் சேர்ந்துகொள்ளும். சேர்ந்த நிலையிலேயே அதன் நீளத்துக்கு 2 செ.மீ.க்கு ஒன்றாக, துளைகளை விட்டு, கட்டுப் போடுங்கள். பிறகு தண்ணீர்போல ஓடும் வகை சூப்பர் குளூவைக் கோட்டின்மேல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அது தானே உள்ளே இழுபடும். கட்டுகளின் மேலும் ஒரு பூச்சு. வழிந்ததைப் பஞ்சால் துடைக்காதீர்கள்: பஞ்சும் இந்தப் பசையும் சேர்ந்தால் கை சுடும் அளவு வெப்பம் வரும்.

ஃபெவிகால் இதற்கு ஆகாது, மூச்சு ஈரத்தில் இளகிவிடும். விரிசல்மேல் எண்ணெய் பட்டிருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. அதனால் ஒட்டிய பிறகே எண்ணெய்.

ஊதும் துளையையே வெட்டிச் செல்லும் விரிசல் என்றால், ஒட்டினாலும் பழைய நாதம் திரும்புவது அரிது. அந்தக் குழலை வீட்டுப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, கச்சேரிக்கு வேறு குழல் வாங்குங்கள். மற்ற இடங்களில் ஒட்டிய குழலை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பசை வாடை போன பிறகு வாயில் வையுங்கள்.