ஆங்கிலக் குழந்தைகள் பாட்டு நிகழ்ச்சியை ஸ்பானிஷுக்குக் கொண்டுபோவது எப்படி?

முதலில் எந்த ஸ்பானிஷ் என்று முடிவு பண்ணுங்கள், ஏனென்றால் லத்தீன் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் தனித்தனியாக டப்பிங் செய்வதுதான் வழக்கம். அப்புறம் பாடகர் குரல் கலக்காத இசைத்தடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பாட்டுதான் பெரிய வேலை. வரியை அப்படியே மொழிபெயர்த்தால் மெட்டில் உட்காராது. ஆங்கில வரி பல சமயம் ஓரசைச் சொல்லில் தாளத்தின் மேலேயே முடியும், ஸ்பானிஷிலோ பெரும்பாலான சொற்களில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும், அதனால் அந்த இடத்தில் 'பைலார்' (ஆடுவது) மாதிரி கடைசி அசை அழுந்தும் வினைச்சொல்லை வையுங்கள். அர்த்தம் கொஞ்சம் நகர்ந்தாலும் பரவாயில்லை, குழந்தை கூடவே பாட முடிய வேண்டும். முகம் நெருக்கத்தில் தெரிந்தால் ப, ம மாதிரி உதடு மூடும் ஒலிகளை வாயசைவோடு பொருத்துங்கள்.

பணம் இருந்தால் டப்பிங்கோடு நிற்காதீர்கள்: 1972-ல் மெக்சிகோவில் தொடங்கிய 'பிளாசா செசாமோ' (அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியான 'செசமி ஸ்ட்ரீட்'டின் ஸ்பானிஷ் வடிவம்) தனக்கென்று கதாபாத்திரங்களையே உருவாக்கிக்கொண்டது.