வரப்பில் உட்காரும் பழுப்பு ஸ்கிப்பர்: எது எது என்று பிரிப்பது எப்படி

குறுவை நட்ட வயலின் வரப்பில் பொடுதலையும் வெட்டுக்காயப் பூண்டும் பூத்திருந்தால், அரை மணி நேரத்தில் ஸ்கிப்பர் எனப்படும் வண்ணத்துப்பூச்சிகளில் பழுப்பு நிறத்தவை நாலைந்தாவது வந்து போகும். எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளி. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் எடுத்த படங்களில் இவற்றில் பாதிக்கு ‘ரைஸ் ஸ்விஃப்ட்’ என்று பெயர் போட்டுவிடுகிறார்கள். வயலில் இருந்தாலே ரைஸ் ஸ்விஃப்ட் ஆகிவிடாது. நெல் இலையைத் தின்னும் ஸ்கிப்பர் இனம் ஒன்றுக்கு மேல் உண்டு.

முதலில் இது ஸ்கிப்பர்தானா என்று பாருங்கள். தடித்த உடல், பெரிய தலை, ஒன்றுக்கொன்று தள்ளி முளைத்த உணர்கொம்புகள். கொம்பின் நுனி பெரும்பாலும் கொக்கிபோல் வளைந்திருக்கும். ஸ்கிப்பரில் ஸ்விஃப்ட், டார்ட் எனப்படும் வகைகள் வெயில் காயும்போது பின்னிறகைப் படுக்கையாக விரித்து, முன்னிறகைப் பாதி தூக்கி வைத்துக்கொள்ளும்.

படம் இரண்டு வேண்டும். ஒன்று, இறகை மூடி உட்கார்ந்திருக்கும்போது பின்னிறகின் அடிப்புறம். மற்றொன்று, இறகை விரிக்கும்போது முன்னிறகின் மேல்புறம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் பல நேரம் முடிவுக்கு வர முடியாது. வரப்பில் குந்தி, லென்ஸை இறகுக்கு நேராகப் பிடியுங்கள். சாய்வாக எடுத்தால் வளைவாக இருக்கும் புள்ளி வரிசைகூட நேர்கோடாகத் தெரியும், இனமே மாறிப்போகும். உச்சி வெயிலிலும் ஃபிளாஷிலும் சின்ன வெள்ளைப் புள்ளிகள் வெளுத்துக் காணாமல் போய்விடும். வெயில் ஏறும் முன் போனால் பூச்சியும் ஓடாது, படமும் தெளியும்.

இனி புள்ளிகள். இறகு உடலோடு சேரும் இடத்திலிருந்து பாதி தூரம்வரை, நரம்புகளுக்கு நடுவே நீளமாக ஓர் இடம் இருக்கும். அதை நடு அறை என்போம். பின்னிறகின் அடிப்புறத்தில் வெள்ளைப் புள்ளிகள் ஒரு வளைவாக நிற்கும். அந்த வளைவை விட்டு விலகி, உடல் பக்கமாக, நடு அறைக்குள் தனியாக ஒரு புள்ளி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் பெலோபிடாஸ் பேரினம் என்று நினைக்கலாம். வயலில் அதிகம் எதிர்ப்படுவது ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்ட் என்னும் பெலோபிடாஸ் மதியாஸ். இல்லாவிட்டால் ரைஸ் ஸ்விஃப்ட், அதாவது போர்போ சின்னாரா பக்கம் போங்கள்.

முன்னிறகில் உறுதி செய்துகொள்ளலாம். மதியாஸ் ஆணின் முன்னிறகு மேல்புறத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய சாய்கோடு ஒன்று கிடக்கும். ‘பிராண்ட்’ என்பது இதைத்தான். ரைஸ் ஸ்விஃப்ட்டில் அது கிடையாது. அதற்குப் பதில் பின் ஓரத்தை ஒட்டி மஞ்சளாக ஒரு புள்ளி இருக்கும். மற்றப் புள்ளிகள் கண்ணாடிபோல் ஒளியை விடும், இது விடாது. இங்கேதான் பலர் சறுக்குவது: மதியாஸ் பெண்ணுக்கும் சாய்கோடு கிடையாது, அந்த இடத்தில் புள்ளிகள்தான் இருக்கும். கோடு இல்லை என்பதற்காக ரைஸ் ஸ்விஃப்ட் என்று எழுதிவிடாமல், பின்னிறகின் நடு அறைப் புள்ளிக்கே திரும்பி வாருங்கள்.

இவற்றைவிடப் பெரிதாக, முன்னிறகின் நடு அறையில் இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரிந்தால் அது கன்ஜாயின்ட் ஸ்விஃப்ட். இதில் ஆணுக்கும் பிராண்ட் இல்லை. எல்லாவற்றிலும் சிறியதாய், குட்டையான உணர்கொம்போடு, பின்னிறகுப் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றால் பார்னாரா பேரினம். பின்னிறகின் அடிப்புறத்தில் புள்ளியே இல்லாத ஸ்விஃப்ட்டுகளும் உண்டு. மூங்கில் குத்துப் பக்கம் அப்படி ஒன்று கிடைத்தால் பாவோரிஸ், கால்டோரிஸ் பேரினங்களை நினைவில் வையுங்கள்.

ஆனால் புள்ளி இல்லாததெல்லாம் பிறவியிலேயே அப்படி இருந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னிறகின் கண்ணாடிப் புள்ளி இறகுச் சவ்விலேயே இருப்பதால் வயதான பூச்சியிலும் நிற்கும். பின்னிறகின் வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் செதில் நிறம்தான். செதில் உதிர்ந்தால் கூடவே போய்விடும். இறகு ஓரம் கிழிந்து, நிறம் மங்கி இருக்கும் பூச்சியில் ‘புள்ளி இல்லை’ என்பது சாட்சி ஆகாது. அதற்கு ‘ஸ்விஃப்ட்’ என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

ஆரஞ்சும் கறுப்புமாக இருக்கும் டார்ட்டுகள் இன்னும் வம்பு. பேல் பாம் டார்ட்டில் முன்னிறகின் ஆரஞ்சுப் பட்டை நரம்புகள் வழியே ஓரம்வரை நீளும். டார்க் பாம் டார்ட்டில் அப்படி நீளாது. பொட்டாந்தஸ் பேரினத்துப் பூச்சிகளைப் படத்தை வைத்து இனம்வரை பிரிக்க முயலாதீர்கள், பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். வாய்க்கால் கரைப் புல்லில் தாழப் பறக்கும், இவற்றைவிடச் சிறிய மஞ்சள் புள்ளிக்காரன் புஷ் ஹாப்பராக இருக்கலாம். உணர்கொம்பு நுனி கொக்கி இல்லாமல் கரண்டிபோல் குழிந்திருந்தால் கிராஸ் டார்ட் வகை.

மற்றவற்றில் குழப்பம் குறைவு. தென்னந்தோப்பில் பின்னிறகின் அடிப்புறம் சாம்பலாகி அதில் கறுப்புப் பொட்டுகள் இருந்தால் இந்தியன் பாம் பாப். அந்தி நேரத்தில் சிவந்த கண்ணோடும், முன்னிறகில் பெரிய மஞ்சள் கண்ணாடிப் புள்ளிகளோடும் வருவது ஜயன்ட் ரெட்ஐ. இறகை விரித்தால் 7 செ.மீ. வரை இருக்கும், தென்னை ஓலையில் அதன் புழு வெள்ளை மெழுகு நூல் போர்த்தியிருக்கும். அதேபோல் சிவந்த கண், ஆனால் இறகில் குறியே இல்லை, பக்கத்தில் மூங்கில் என்றால் காமன் ரெட்ஐ. கொல்லையில் மஞ்சளோ இஞ்சியோ இருந்து, பின்னிறகில் அகலமான வெள்ளைத் திட்டோடு ஒன்று சுற்றினால் கிராஸ் டீமன். புங்க இலைக்கு அடியில் இறகை மூடித் தொங்கும் பழுப்புப் பூச்சியின் பின்னிறகில் வெள்ளைப் பட்டை ஓடினால் காமன் பாண்டட் ஆல். கட்டைவிரல் நகம்போல் சின்னதாய், கறுப்பில் வெள்ளைப் புள்ளி தூவினாற்போல் இருப்பது இந்தியன் ஸ்கிப்பர்.

பூச்சி பறந்துவிட்டால் நெற்பயிரில் புழுவைத் தேடலாம். இலையைச் சுருட்டி உள்ளே இருப்பதெல்லாம் ஸ்கிப்பர் அல்ல. இலைச்சுருட்டுப் புழு பச்சையைச் சுரண்டித் தின்பதால் இலையில் வெள்ளைக் கோடுகள் விழும். ஸ்கிப்பர் புழு ஓரத்திலிருந்து நடு நரம்பு நோக்கி இலையையே கடித்துத் தின்னும். தலையின் இரு பக்கமும் செம்பழுப்புக் கோடு ஓடும் பச்சைப் புழுவானால், மதியாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். இலையோடு கிள்ளி, காற்றுப் போகும் டப்பாவில் வைத்து, தினமும் புது நெல் இலை போட்டு வளர்த்தால், வெளிவரும் பூச்சியில் ஒரு செதில்கூட உதிர்ந்திருக்காது. அதற்கு இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு, பிடித்த வயலிலேயே விட்டுவிடுங்கள்.