அக்புலுட் கார்க்கைக் கையால் கட்டிப் பார்ப்பது எப்படி

மேனிஃபோல்டு என்றால் எங்கே நின்று பார்த்தாலும் சாதாரண வெளிபோல் தெரியும் வடிவம். நாற்பரிமாண மேனிஃபோல்டிலிருந்து வெட்டியெடுத்து, விளிம்பைத் திருப்பி ஒட்டினால் அதன் ஸ்மூத் (வகையிடத்தக்க) அமைப்பையே மாற்றக்கூடிய சின்னத் துண்டு கார்க். அதன் படத்தை நூலால் கட்டலாம். முதலில் ஊட்டி மார்க்கெட்டில் பச்சையும் சிவப்புமாகக் கம்பளி நூல் வாங்கிக்கொள்ளுங்கள். தையல் நூல் வேண்டாம். எது மேலே போகிறது, எது கீழே போகிறது என்பது தடித்த நூலில்தான் தெரியும். கோத்தகிரியில் என்னிடம் வரும் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு மேசையில் நூலை வைத்துத்தான் இதைச் சொல்லித் தருகிறேன். பேப்பரும் பென்சிலும் பிறகுதான்.

கணிதவியலர் செல்மன் அக்புலுட் 1991-இல் காட்டிய கார்க் இது. மேனிஃபோல்டைக் கட்ட ஒட்டும் துண்டுகளுக்கு ஹேண்டில் என்று பெயர். ஒரு 0-ஹேண்டில், ஒரு 1-ஹேண்டில், ஒரு 2-ஹேண்டில், அவ்வளவே. 0-ஹேண்டில் என்பது நாற்பரிமாணப் பந்து. அதன் விளிம்பு முப்பரிமாணமானது. நம் நூல்கள் கிடப்பது அங்கே.

பச்சை நூலை வட்டமாகக் கட்டி அதில் ஒரு புள்ளி வையுங்கள். அந்த வட்டத்தை விளிம்பாகக் கொண்ட ஒரு வட்டத்தட்டை எடுத்து, பந்துக்குள் அமுக்கி, அதைச் சுற்றித் தோண்டி எடுத்துவிட்டோம் என்று அர்த்தம். 1-ஹேண்டில் வந்துவிட்டது.

சிவப்பு நூல் 2-ஹேண்டில் ஒட்டும் இடம். அது பச்சை வட்டத்துக்குள் மூன்று முறை போகணும்: இரண்டு முறை ஒரு பக்கமாக, ஒரு முறை எதிர்ப்பக்கமாக. இங்கே அவசரப்படாதீர்கள். நூல் திரும்புகிற இடத்தில் இரண்டு மடிப்பு வரும். சும்மா விட்டால் அவற்றை இழுத்து வெளியே எடுத்துவிடலாம். சிவப்பு ஒரே முறை கடக்கும், 1-ஹேண்டிலும் 2-ஹேண்டிலும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும், வெறும் பந்துதான் மிஞ்சும். அதனால் இரண்டு மடிப்பையும் ஒன்றோடொன்று கொக்கிபோல மாட்டுங்கள். பிறகு நுனிகளைக் கட்டி, பக்கத்தில் 0 என்று ஃப்ரேமிங்கை (2-ஹேண்டிலை எத்தனை முறுக்கோடு ஒட்டுகிறோம் என்ற எண்ணை) எழுதுங்கள்.

இனி சரிபார்ப்பு. பச்சையை எடுத்துவிட்டால் சிவப்பு முடிச்சில்லாமல் பிரியணும். இரண்டு நூலையும் நகர்த்தி ஒன்றின் இடத்துக்கு மற்றதைக் கொண்டுவர முடியணும். முடியாவிட்டால் கொக்கியில் மேல்கீழ் மாறியிருக்கும், அவிழ்த்து மறுபடி மாட்டுங்கள். அடிப்படைக் குலத்தில் (மூடிய பாதைகளின் குலத்தில்) ஒரே ஆக்கி x, அதாவது பச்சை வட்டத்துக்குள் ஒரு முறை போவது; சிவப்பு தரும் ஒரே உறவு x·x·x⁻¹ = 1. ஆகவே x = 1. ஹோமாலஜியும் (துளைகளின் கணக்கும்) மறைந்துவிடும், முழுசும் ஒரு புள்ளிக்குச் சுருங்கும்.

இப்போது புள்ளியையும் 0-ஐயும் இடம் மாற்றுங்கள். விளிம்பு மாறாது. இந்த இடமாற்றம் உள்ளே ஹோமியோமார்ஃபிசமாக (இரு திசையிலும் தொடர்ச்சியான மாற்றமாக) நீளும் என்பது கணிதவியலர் மைக்கேல் ஃப்ரீட்மன் 1982-இல் வெளியிட்ட வேலையிலிருந்து வருகிறது. ஸ்மூத்தாக நீளாது. ஏன் என்று பார்க்க, ஒவ்வொரு நூலையும் சுற்றி ஒரு சின்ன வளையம் போடுங்கள். இடமாற்றம் ஒரு வளையத்தை மற்றதாக மாற்றும்; ஸ்மூத்தாக நீண்டால் ஒன்றுக்கு உள்ள தட்டு மற்றதற்கும் இருக்கணும். சிவப்பைச் சுற்றியது கார்க்குக்குள் ஒரு ஸ்மூத் தட்டின் விளிம்பு. தட்டை நேராக உள்ளே அமுக்கிவிடலாம். பச்சையைச் சுற்றியதற்கு அப்படியொரு தட்டு கிடையாது. இருந்திருந்தால், அந்த வளையத்தில் −1 ஃப்ரேமிங்கோடு இன்னொரு 2-ஹேண்டில் ஒட்டும்போது தன்வெட்டு எண் (சற்று நகர்த்திய தன் நகலை எத்தனை முறை வெட்டுகிறது என்ற குறியுள்ள கணக்கு) −1 உள்ள கோளம் பிறக்கும். ஒட்டி வருவதோ ஸ்டைன் மேனிஃபோல்டு (ஒரு சிறப்பு வகைச் சிக்கலெண் மேனிஃபோல்டு); அதில் அந்தக் கோளத்துக்கு இடமே இல்லை. இந்த வாதத்தை நான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன், அவ்வளவு பிடிக்கும் எனக்கு.

இந்தக் கார்க், கே3 பரப்பு என்ற நாற்பரிமாண மேனிஃபோல்டோடு திசை மாற்றிய சிக்கலெண் ப்ரொஜெக்டிவ் தளம் ஒன்றை இணைத்த மேனிஃபோல்டுக்குள் இருக்கிறது. அதை வெட்டியெடுத்து மாற்றி ஒட்டினால், நேர்த்திசைத் தளங்கள் 3, மாறுதிசைத் தளங்கள் 20 சேர்ந்த மேனிஃபோல்டு வரும். இரண்டும் ஹோமியோமார்ஃபிக், ஆனால் டிஃபியோமார்ஃபிக் (ஸ்மூத்தாக ஒன்றே) அல்ல. நூல் கைக்குப் பழகியபின் அந்த முழு மேனிஃபோல்டின் பெரிய படத்தை வரைய உட்காருங்கள்.